ஸ்லோ குக்கரில் போர்க் சாப்ஸ்: சாஸில் மூழ்கிக் கிடந்தும் இறைச்சி வறண்டுபோவது ஏன்?

உங்கள் கேள்வியின் சாரம் இது: எலும்பில்லாத மெல்லிய போர்க் சாப்ஸ், அதாவது பன்றி இறைச்சித் துண்டுகள், நான்கை வாங்கி, அரைக் கப் சோயா சாஸ், கெட்சப், பிரவுன் சுகர், பூண்டு, ஒரு கப் சிக்கன் பிராத் (கோழி வேகவைத்த சாறு) ஆகியவற்றுடன், பல மணி நேரம் மெதுவாகச் சமைக்கும் மின்பானையான ஸ்லோ குக்கரில் இட்டு, ‘லோ’ என்ற குறைந்த சூட்டு நிலையில் 8 மணி நேரம் வைத்திருக்கிறீர்கள். மாலையில் திறந்து பார்த்தால் சாஸ் தண்ணீராக ஓடுகிறது. உப்பும் இனிப்பும் தனித்தனியே தெரிகின்றன. இறைச்சியோ பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையைப்போல் வாயில் உலர்கிறது. முழுநாளும் சாஸுக்குள் மூழ்கிக் கிடந்த இறைச்சி எப்படி வறண்டுபோக முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கான விடையில் பெரும்பகுதி நீங்கள் வாங்கிய துண்டிலேயே இருக்கிறது. சமைத்த விதத்தில் இருப்பது மீதிதான். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அமெரிக்கக் கடைகளில் போர்க் சாப்ஸ் என்ற ஒரே பெயரில் விற்கப்படும் துண்டுகள், பன்றியின் முதுகெலும்பை ஒட்டித் தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை நீளும் பகுதியின் வெவ்வேறு இடங்களில் வெட்டப்பட்டவை. நடுவில் இருப்பது லாயின் எனப்படும் நீண்ட முதுகுத் தசை. அந்தத் தசைக்கு உயிருள்ள விலங்கில் அதிக வேலை இல்லாததால், அதில் இணைப்புத் திசுவும் குறைவு, உள்ளோடும் கொழுப்பும் குறைவு. எலும்பில்லாத, வெளிர்நிறமான, ஒரே சீரான தோற்றமுடைய ‘சென்டர் கட்’ துண்டுகள் இங்கிருந்து வருபவை. தோள்பட்டைப் பக்கம் வெட்டப்படும் ‘பிளேட் சாப்ஸ்’ பார்வைக்கு அழகாக இருக்காது: பல தசைகள் ஒன்றுசேர்ந்து, நடுநடுவே வெள்ளைக் கொழுப்பும் சவ்வும் ஓடி, ஒரு துண்டு எலும்பும் ஒட்டியிருக்கும். விலையும் பெரும்பாலும் குறைவு. ஸ்லோ குக்கருக்கு உரியது இந்த அழகற்ற துண்டுதான்.

வெப்பம் ஏற ஏறத் தசைநார்களில் உள்ள புரதங்கள் ஒவ்வொன்றாகச் சுருங்குகின்றன. ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸில் தொடங்கும் இந்தச் சுருக்கம் 65 முதல் 75 டிகிரிக்குள் மிகக் கடுமையாகி, தசைக்குள் இருந்த நீரை வெளியே பிழிந்து தள்ளிவிடுகிறது. அப்படி இறுகிப்போன நார்களுக்குள் வெளியிலுள்ள சாஸ் திரும்பப் புகுவதில்லை. அது மேற்பரப்பை நனைக்கும், அவ்வளவுதான். தோள்பட்டை இறைச்சியிலும் இதே சுருக்கம் நடக்கிறது. ஆனால் அங்கே இணைப்புத் திசுவில் உள்ள கொலாஜன், 70 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் இருக்கும்போது மெல்ல உருகி ஜெலட்டினாக மாறி, கொழுப்போடு சேர்ந்து நார்களைச் சுற்றிப் படர்கிறது. வாயில் வைக்கும்போது நாம் ‘சாறுள்ளது’ என்று உணர்வது அந்த வழவழப்பைத்தான். லாயின் துண்டில் உருகுவதற்கு ஒன்றும் இல்லை. அது எட்டு மணி நேரம் கிடந்தால் நீரை இழந்து நார்நாராகப் பிரியும். பிரிவதை மென்மை என்று நினைத்துக்கொள்கிறோம், ஆனால் மெல்லும்போது உண்மை தெரிந்துவிடும்.

ஸ்லோ குக்கரின் பிறப்பே இதற்குச் சான்று. சிகாகோவைச் சேர்ந்த இர்விங் நாக்சன் 1940இல் காப்புரிமை பெற்ற பானைக்கு, அவருடைய தாய் சொன்ன ‘சோலெண்ட்’ என்ற யூத உணவின் கதையே தூண்டுதல். லிதுவேனியாவின் வில்னா நகரில், ஓய்வுநாளுக்கு முன் பேக்கரியின் அடுப்பில் வைத்துவிடும் சோலெண்ட் பானை, அணைந்துகொண்டே போகும் அந்த அடுப்பின் சூட்டில் இரவெல்லாம் மெதுவாக வெந்துகொண்டிருக்குமாம். பருப்பு வகைகளும் தானியமும் கடினமான இறைச்சியும் சேர்ந்த உணவு அது. நாக்சனின் பானையை 1970இல் வாங்கிய ரைவல் நிறுவனம், மறு ஆண்டு அதையே ‘கிராக்பாட்’ என்ற பெயரில் வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தது. நெடுநேரம் வெந்தால்தான் இளகும் பொருள்களுக்காக உருவான பானைக்குள், இருபது நிமிடத்தில் வெந்துவிடும் இறைச்சியை நாள்முழுதும் வைப்பது அதன் இயல்புக்கே எதிரானது. இதற்கிடையில் அமெரிக்கப் பன்றி இறைச்சியும் மாறிவிட்டது. கோழியைப்போல் கொழுப்பு குறைந்தது என்று காட்டுவதற்காக 1987இல் தொடங்கிய ‘மற்றொரு வெள்ளை இறைச்சி’ என்ற விளம்பர இயக்கத்தின் காலத்தில், பன்றிகள் மெலிந்த உடலுக்காகவே வளர்க்கப்பட்டன. பழைய குறிப்பில் எழுதப்பட்ட நேரம் இன்றைய லாயின் துண்டுக்குப் பொருந்தாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே உங்கள் முன் இரண்டு வழிகள் உள்ளன, இரண்டையும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. முதலாவது, நான் பரிந்துரைப்பது: எலும்புடன் கூடிய பிளேட் சாப்ஸ் நான்கு, ஒவ்வொன்றும் இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர் தடிமன், மொத்தம் ஏறத்தாழ ஒரு கிலோ. இவை ‘லோ’ நிலையில் ஐந்து முதல் ஆறு மணி நேரத்தில் பதமாகும். முள்கரண்டியைக் குத்தித் திருப்பினால் எதிர்ப்பின்றித் திரும்ப வேண்டும், ஆனால் துண்டு உருக்குலையக் கூடாது. இரண்டாவது, லாயின் துண்டுதான் வேண்டும் என்றால், குறைந்தது நான்கு சென்டிமீட்டர் தடிமனாக வெட்டித் தரச் சொல்லி, சூடான சாஸில் இட்டு, ‘லோ’ நிலையில் ஒன்றரை மணி நேரம் கடந்ததிலிருந்து வெப்பமானியால் சோதித்து, நடுப்பகுதி 63 டிகிரியைத் தொட்டதும் எடுத்துவிட வேண்டும். பெரும்பாலும் இரண்டு முதல் மூன்று மணி நேரத்துக்குள் அது நடந்துவிடும். ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள எலும்பில்லாத துண்டுகளுக்கு ஸ்லோ குக்கரில் நல்ல வழி எதுவும் கிடையாது. அவற்றை வாணலியில் பத்து நிமிடத்தில் பொரித்துச் சாஸைத் தனியே சுண்டவைத்து ஊற்றுவதே அவற்றுக்குச் செய்யும் மரியாதை.

63 டிகிரி என்றதும் நம்மவர்களில் பலர் தயங்குவார்கள். பன்றி இறைச்சியை மிகையாக வேகவைத்தே தீர வேண்டும் என்ற அச்சம் காரணமற்றதும் அன்று. அமெரிக்க வேளாண் துறை, முழுத் துண்டுகளுக்கான பாதுகாப்பான வெப்பநிலையை 2011இல் 71 டிகிரியிலிருந்து 63 டிகிரியாகக் குறைத்தது. எடுத்தபின் மூன்று நிமிடம் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பது அதனுடன் சேர்ந்த நிபந்தனை. கொத்திறைச்சிக்கு 71 டிகிரி என்பது மாறவில்லை. டிரிக்கினெல்லா என்ற புழு 60 டிகிரிக்குள்ளேயே அழிந்துவிடுகிறது. இந்தியாவில் பெரிதும் அஞ்சப்படும் பன்றி நாடாப்புழுவின் கூடுகளும் முழுமையான வேக்காட்டில் அழிபவையே. மூளையில் கட்டிகளை உண்டாக்கி வலிப்புக்குக் காரணமாகும் நோய், அந்தப் புழுவின் முட்டைகள் மனிதக் கழிவால் மாசுபட்ட உணவு, நீர், கைகள் வழியே உடலுக்குள் செல்வதால் வருவது. வெந்த இறைச்சியைத் தின்பதால் வருவதன்று. எலும்பை ஒட்டிய இடம் இளஞ்சிவப்பாகத் தெரிவதும் வேகாமையின் அடையாளமல்ல. நிறத்தை நம்பாமல், வெப்பமானியின் முனையைப் பக்கவாட்டில் நடுவரை செலுத்தி, எலும்பில் படாதவாறு அளந்து பாருங்கள். பிளேட் சாப்ஸில் இந்தக் கவலையே எழாது; அவை பதமாகும்போது உள்வெப்பம் 85 டிகிரியைக் கடந்திருக்கும்.

பானையைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். நான்கு சாப்ஸுக்கு மூன்றரை முதல் நான்கு லிட்டர் கொள்ளளவு போதும். பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை நிறைந்திருக்கும்போதுதான் இந்தப் பானைகள் எதிர்பார்த்தபடி வேலை செய்கின்றன. பெரிய பானையின் அடியில் ஒற்றை அடுக்காகப் பரப்பினால் விரைவில் கொதித்து ஓரங்களில் சாஸ் கருகும். ‘லோ’, ‘ஹை’ இரண்டும் இறுதியில் கொதிநிலையை ஒட்டிய ஏறத்தாழ ஒரே வெப்பத்தைத்தான் எட்டுகின்றன. எவ்வளவு விரைவில் எட்டுகின்றன என்பதில்தான் வேறுபாடு. உங்கள் பானையின் குணத்தை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு: பாதிக்கு மேல் தண்ணீர் நிரப்பி, மூடி, ‘லோ’ நிலையில் எட்டு மணி நேரம் வைத்து, மூடியைத் திறந்தவுடன் அளந்தால் 85 முதல் 93 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால், குறிப்புகள் சொல்லும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே என்றால் அந்தப் பானையில் இறைச்சி சமைப்பது பாதுகாப்பன்று.

இனி சாஸ். உங்கள் கலவையின் முதற்குறை தண்ணீர். மூடிய பானையில் ஆவி மூடியில் பட்டு மீண்டும் உள்ளேயே விழுவதால் ஏதும் சுண்டுவதில்லை. அதோடு இறைச்சியும் வெங்காயமும் தம் நீரையும் விடுகின்றன. ஒரு கிலோ இறைச்சியிலிருந்து ஒரு கப் அளவுக்கு நீர் வெளிவரும் என்று எண்ணிக்கொண்டால், மேலும் ஒரு கப் பிராத் எதற்கு என்பது விளங்கும். இரண்டாவது குறை உப்பு. சாதாரண சோயா சாஸின் ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. அரைக் கப் என்பது எட்டு மேசைக்கரண்டி. நான்கு பேருக்குப் பகிர்ந்தாலும் ஒருவருக்கு 1800 மில்லிகிராம் வருகிறது, நாளொன்றுக்கு 2300 என்று அமெரிக்க வழிகாட்டுதல் சொல்லும் வரம்பில் பெரும்பகுதி ஒரே வேளையில் முடிந்துவிடுகிறது. மூன்றாவது குறையைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன்: உங்கள் சாஸில் கெட்சப்பில் ஒளிந்திருக்கும் சிறிதளவு தவிரப் புளிப்பே இல்லை. இனிப்பையும் உப்பையும் ஒன்றாக்கிப் பிடிப்பது புளிப்பு. அது இல்லாவிட்டால் இரண்டும் நாவில் தனித்தனியே நிற்கும்.

நான் பயன்படுத்தும் அளவு இது. உப்பு குறைக்கப்பட்ட சோயா சாஸ் கால் கப், கெட்சப் கால் கப், உப்பில்லாத சிக்கன் பிராத் கால் கப், பிரவுன் சுகர் மூன்று மேசைக்கரண்டி, ஆப்பிள் சைடர் வினிகர் இரண்டு மேசைக்கரண்டி, நசுக்கிய பூண்டு ஐந்து பல், துருவிய இஞ்சி ஒரு தேக்கரண்டி, இடித்த மிளகு அரைத் தேக்கரண்டி, கிள்ளிய காய்ந்த மிளகாய் இரண்டு. இங்கே ஒரு கப் என்பது 240 மில்லிலிட்டர். வினிகரில் பாதியை மட்டும் தொடக்கத்தில் சேர்த்து, மீதியைக் கடைசியில் ஊற்றுங்கள். நெடுநேரச் சூட்டில் அதன் கூர்மை மழுங்கிவிடும். பிரவுன் சுகர் என்பது வெள்ளைச் சர்க்கரையில் மொலாசஸ் என்ற கருநிறக் கரும்புப் பாகு கலந்ததே. அதற்குப் பதிலாக நாட்டுச் சர்க்கரை இருந்தால் தாராளமாகச் சேர்க்கலாம், அதன் மணம் சோயாவுடன் மிக நன்றாகப் பொருந்துகிறது. தேன் சேர்ப்பதானால் ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையைக் குறைத்து, கடைசிக் கட்டத்தில் சேர்ப்பது நல்லது. மிளகாய் அமெரிக்கக் குறிப்புகளில் பெரும்பாலும் இராது; நம் நாவுக்கு அது தேவை என்பதோடு, இந்த இனிப்பைத் திகட்டாமல் வைத்திருப்பதும் அதுதான்.

இறைச்சியைப் பானைக்குள் இடுவதற்கு முன் வாணலியில் சிவக்க வறுக்கும் வேலையைத் தவிர்க்காதீர்கள். வறுப்பது சாற்றை உள்ளே பூட்டிவைக்கும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் யுஸ்டஸ் ஃபான் லீபிக் சொன்னது தவறென்று எப்போதோ தெளிவாகிவிட்டது. வறுபட்ட துண்டும் நீரை இழக்கத்தான் செய்கிறது. வறுப்பது சுவைக்காக. புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பேறி மணம் தரும் மாற்றம் 140 டிகிரியை ஒட்டித்தான் வேகம்பிடிக்கிறது, ஈரமான பானைக்குள்ளோ 100 டிகிரியைத் தாண்ட வழியில்லை. ஆகவே பானைக்குள் கிடைக்காத அந்தச் சுவையை வெளியே உண்டாக்கித்தான் உள்ளே கொண்டுசெல்ல வேண்டும். சாப்ஸின் ஈரத்தைக் காகிதத் துண்டால் நன்றாக ஒற்றியெடுத்து, அரைத் தேக்கரண்டி உப்பை மட்டும் தடவி, ஓரத்திலுள்ள கொழுப்பு விளிம்பில் இரண்டு மூன்று இடங்களில் கீறிவிட்டு, கனமான வாணலியில் எண்ணெய் நன்றாகக் காய்ந்தபின் பக்கத்துக்கு மூன்று நிமிடம் அசைக்காமல் விடுங்கள். கீறாவிட்டால் விளிம்பு சுருங்கித் துண்டு கிண்ணம்போல் வளைந்துவிடும். பொட்டலத்தின் மேல் உப்புக் கரைசல் ஏற்றப்பட்டது என்று அச்சிட்டிருந்தால் அந்த அரைத் தேக்கரண்டி உப்பும் வேண்டாம். இறைச்சியை எடுத்தபின் அதே வாணலியில் பூண்டு, இஞ்சி, மிளகாயை அரை நிமிடம் வதக்கி, பிராத்தை ஊற்றி, அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புப் படிவத்தை மரக்கரண்டியால் சுரண்டிக் கரைத்து, சாஸின் மற்றப் பொருள்களையும் சேர்த்து ஒரு கொதி வரவிடுங்கள். இந்தச் சூடான சாஸ் பானையின் வேலையைச் சுருக்குவதோடு, பாக்டீரியாக்கள் பெருகும் 4 முதல் 60 டிகிரி வரையிலான இடைவெளியை இறைச்சி விரைந்து கடக்கவும் உதவுகிறது. உறைந்த இறைச்சியை நேரடியாக ஸ்லோ குக்கரில் இடக் கூடாது என்று சொல்வதும் இதே காரணத்தால்தான். முந்தின இரவே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிட வேண்டும்.

தடிமனாக அரிந்த ஒரு பெரிய வெங்காயத்தைப் பானையின் அடியில் பரப்பி, அதன்மேல் சாப்ஸை வைத்து, சாஸை ஊற்றி மூடுங்கள். சாஸ் துண்டுகளின் பாதி உயரத்துக்கு வந்தால் போதும், மூழ்க வேண்டியதில்லை. நடுவில் மூடியைத் திறக்காதீர்கள், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இழந்த சூட்டை மீட்க இருபது முப்பது நிமிடம் ஆகும். லாயின் துண்டுகளை வெப்பமானியால் சோதிக்கும்போதும், பின்னால் சொல்லும் ஆப்பிளை இடும்போதும் மட்டும் இதற்கு விலக்கு.

பதமானதும் சாப்ஸைத் தட்டில் எடுத்து மூடிவைத்துவிட்டு, சாஸை அகன்ற வாணலிக்கு மாற்றி, மேலே மிதக்கும் கொழுப்பை வழித்தெடுத்து, நல்ல தீயில் பாதியாகச் சுண்டவையுங்கள். பெரும்பாலான குறிப்புகள் கார்ன்ஸ்டார்ச், அதாவது நம் ஊரில் கார்ன்ஃப்ளவர் என்று விற்கும் வெள்ளை மாவைக் கரைத்து ஊற்றச் சொல்கின்றன. அது சாஸைக் கெட்டியாக்கும், சுவையைச் செறிவாக்காது. பத்து நிமிடம் சுண்டவைத்தால் இறைச்சியிலிருந்து இறங்கிய ஜெலட்டினும் சர்க்கரையும் சேர்ந்து பளபளப்பான பாகுப் பதத்தைத் தாமாகவே தந்துவிடும். அதன் பிறகும் நீர்த்திருந்தால், இரண்டு தேக்கரண்டி மாவை அதைப்போல் இருமடங்கு அளவுள்ள குளிர்ந்த நீரில் கரைத்து, கொதிக்கும் சாஸில் ஊற்றி ஒரு நிமிடம் கிளறலாம். மாவைத் தொடக்கத்திலேயே பானையில் சேர்த்தால், பல மணி நேரச் சூட்டிலும் புளிப்பிலும் அதன் பிடிமானம் தளர்ந்து சாஸ் மீண்டும் இளகிவிடும். மீதி வினிகரைச் சேர்த்தபிறகே உப்பைச் சுவைத்துப் பாருங்கள். சுண்டும்போது உப்பும் செறிவதால் முன்னதாகச் சரிபார்ப்பதில் பயனில்லை. பிறகு சாப்ஸைச் சாஸில் ஒருமுறை புரட்டியெடுக்கலாம். பொறுமை இருந்தால், சாஸ் தடவி, ஓவனுக்குள் மேலிருந்து நேரடிச் சூடு தரும் பிராய்லர் என்ற பகுதிக்குக் கீழே இரண்டு நிமிடம் வைத்தால் ஓரங்கள் கருகாமல் மினுங்கும்.

அன்னாசி சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். டின்னில் அடைத்தது என்றால் சேர்க்கலாம், சர்க்கரையை ஒரு மேசைக்கரண்டி குறைத்துக்கொள்ளுங்கள். சமைக்காத புதிய அன்னாசியில் உள்ள புரோமலைன் என்ற நொதி, பானை சூடேறும் மெதுவான நேரத்தில் இறைச்சியின் மேற்பரப்பைக் கூழாக்கிவிடும். டின்னில் அடைக்கும்போது தரும் சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடுகிறது. என் விருப்பம் ஆப்பிள். பன்றி இறைச்சிக்கு ஆப்பிள் துணைசெல்வது அமெரிக்காவின் பழைய வழக்கம். புளிப்பான பச்சை ஆப்பிள் ஒன்றைத் துண்டுகளாக்கிக் கடைசி ஒரு மணி நேரத்தில் இட்டால், வடிவம் குலையாமல் வெந்து சாஸின் இனிப்பையும் சமன் செய்கிறது. உடன் மசித்த உருளைக்கிழங்கும் முட்டை நூடுல்ஸும் அங்கே வழக்கம். வெறும் சோறும் இந்தச் சாஸை நன்றாக வாங்கிக்கொள்ளும்.

காலையில் வைத்துவிட்டு வேலைக்குச் சென்று திரும்பும் உங்கள் ஒன்பது மணி நேரத்துக்கு இது பொருந்துமா என்றால், சாப்ஸ் எதுவும் பொருந்தாது என்பதே நேர்மையான பதில். அதற்கு ஒன்றரைக் கிலோ எடையுள்ள தோள்பட்டைத் துண்டை முழுதாக வாங்கி இதே சாஸில் வையுங்கள். பெரிய துண்டு அத்தனை நேரத்தையும் தாங்கும். இறைச்சியை முந்தின இரவே வறுத்துக் குளிரூட்டிவிட்டுக் காலையில் பானையில் இடும் வழக்கமும் வேண்டாம். அரைகுறையாகச் சூடான இறைச்சியில் கிருமிகள் பெருகும். இரவில் சாஸைக் கலந்து, வெங்காயத்தை அரிந்து, இறைச்சியைப் பச்சையாகத் தனியே வைத்துவிட்டு, காலையில் வறுத்தால் பதினைந்து நிமிட வேலைதான். மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத பாத்திரத்தில் இட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு நாள் கெடாது. மறுநாள் சூடாக்கும்போது ஸ்லோ குக்கரில் இடாமல், சாஸுடன் அடுப்பில் மூடிவைத்து 74 டிகிரி வரை சூடாக்குங்கள்; பிளேட் சாப்ஸ் அப்போதும் இளகியே இருக்கும்.